திரை நின்றது உன் அப்பாவால் அல்ல

என் அருமை மகளுக்கு அம்மா எழுதுவது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நேரம் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி, சிரித்த முகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். இப்படி எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று தெரியும், போனில் என் குரலை வைத்தே உள்ளே என்ன இருக்கிறது என்று எடை போடுகிறவள் நீ. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல செய்தி சொல்லும் கடிதம். நடுவில் கொஞ்சம் மனதைக் கலக்கும் இடம் வரும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனைத் தேடாதே. கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டு.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். கம்ப்யூட்டர் என்று நான் வாயைத் திறந்தாலே நீ பாதியில் புகுந்து, மூலையில இருக்கறத அமுக்கு, அதுல ரெண்டாவதா வர்றத அமுக்கு என்று ஆரம்பித்துவிடுவாய், நானும் பதற்றத்தில் எதையாவது அமுக்கிவிட்டு விழிப்பேன். அது ஒரு காரணம். இன்னொன்று, இந்த வீட்டில் முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நான் போனில் பேசுவது ஒவ்வொன்றும் அப்பா காதில் விழும். தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல வார்த்தை கிடைக்காமல் படுத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று இந்தச் சில மாதங்களில் பார்த்துவிட்டேன். அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் "அப்பா தூங்குகிறார்" என்று சொன்னேன். பாதி நாள் அவர் தூங்கவில்லை கண்ணு. எனக்கு எதிரில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது மாடிவீட்டுத் தையல்காரம்மா கொடுத்த சட்டையில் பொத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறார், வலது கை விரல்களுக்கு நல்ல பயிற்சி என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எழுந்த பிறகு நடை வந்துவிட்டது, கை முக்கால்வாசி வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. பீரோ நிறையத் துணி இருந்து, சாவி எங்கே வைத்தோம் என்று மறந்துபோனால் எப்படி இருக்கும், அப்படி. காலம் முழுக்கத் துணிக்கடையில் நின்று பேசியே விற்ற மனிதர், சட்டைத்துணி எடுக்க வந்தவரைத் திரைச்சீலையும் சேர்த்து வாங்கவைத்து அனுப்புகிறவர், ஒரு குவளையைக் காட்டி அதன் பெயர் கேட்டால் உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள். அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்பதால் வாரத்தில் சில நாள் காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வருகிறாள். அப்பா அவளைச் சின்ன டீச்சர் என்கிறார், அப்படியானால் பெரிய டீச்சர் யார் என்று நான் கேட்கவே இல்லை. அவள் முதல் நாளே எனக்கு ஒரு கட்டளை போட்டாள். "சார் வார்த்தையைத் தேடறப்ப நீங்க எடுத்துக் கொடுக்காதீங்கம்மா. எவ்வளவு நேரமானாலும் காத்திருங்க. அவரே கண்டுபிடிச்சாதான் அது அவரோடது." வகுப்பில் பிள்ளை தடுமாறினால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய் என்னுடையது. இரண்டு உதட்டையும் கையால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். முதலில் அவள் அட்டைப் படங்களைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. குடை, கதவு, விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒரு நாள் ஏணியைப் பார்த்துப் படிக்கட்டு என்று சொல்லிவிட்டு, தப்பு என்று தெரிந்து, "அதோட... தம்பி" என்றார். அந்தப் பெண் சிரித்ததில் காதில் மாட்டியிருந்தது கழன்று விழுந்துவிட்டது.

அப்புறம்தான் திரை நிற்க ஆரம்பித்தது. பாடம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். அந்தப் பெண் இப்போது தன் படங்களை எங்கள் கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருப்பாள், நான் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று படம் திறப்பதற்குள் அவள் முகம் அப்படியே நின்றுவிடும். வாய் பாதி திறந்து, கண் ஒரு பக்கம் பார்த்து, கை அந்தரத்தில். சத்தம் போய்விடும். மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அம்பு நகராது. கடிகார எண்கூட மாறாது. சில நேரம் தானாகவே உயிர் வரும், சில நேரம் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், அதற்குள் அவளுடைய அடுத்த நோயாளியின் நேரம் வந்துவிடும். எனக்கு இது கம்ப்யூட்டர் தொல்லை. அப்பாவுக்கு அது வேறாகத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. யோசித்துப் பார், அவர் ஒரு வார்த்தைக்காக முட்டிமோதிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரில் இருக்கும் முகம் அசையாமல் நிற்கிறது. முதலில் அவள் சலித்துப்போய் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறார். இல்லைங்க, திரைதான் நின்னுபோச்சு என்று நான் சொன்னதும் இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு நாள் எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு கம்ப்யூட்டரைத் தொட்டுக் காட்டி, "நான்... நின்னா... அதுவும்... நிக்குது" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னுடைய வியாதி அதற்கும் ஒட்டிக்கொண்டது என்று ஒரு நினைப்பு. படித்த மனிதர் இப்படி நினைப்பாரா என்று கேட்காதே. தன் வாய் தன் சொல்லைக் கேட்காத நிலையில் இருக்கிறவருக்கு எதையும் நம்பத் தோன்றும்.

அதற்குப் பிறகு பாடத்துக்கு உட்கார மறுத்துவிட்டார். பதினோரு மணி நெருங்கினால் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அது மட்டுமென்றால் பரவாயில்லை, வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டார். காபி வேண்டுமா என்றால் தலையாட்டல், வேண்டாம் என்றால் கையசைப்பு. வந்த குடையும் கதவும் விளக்கும்கூட எங்கே போயின என்று தெரியவில்லை. சின்ன டீச்சர் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "அம்மா, இந்த மாசங்கள் போனா திரும்ப வராது, இப்பதான் மூளை வழி தேடிக்கிட்டிருக்கு. அதுவும் இல்லாம, சார் அடுத்த வாரமும் வரலைன்னா இந்த நேரத்தை வரிசையில இருக்கற இன்னொருத்தருக்குக் கொடுத்துடணும்னு மேல சொல்றாங்க. எனக்கு மனசே இல்லம்மா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே எத்தனை பேர் வாய் திறக்கக் காத்திருக்கிறார்களோ. போனை வைத்துவிட்டு, அதற்குள் அந்தப் பெட்டியைச் சரிசெய்தே தீருவது என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

இன்டர்நெட் இணைப்புக்காரரை வரச் சொன்னேன். அவர் தன் போனை நீட்டி, "மேடம், பாருங்க, லைன் குதிரை மாதிரி ஓடுது. உங்க பெட்டிதான் படுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சூட்டில் நிற்கிறதோ என்று பின்மூடியைக் கழற்றி, தையல்காரம்மாவின் மெஷின் பிரஷை வாங்கி விசிறியில் இருந்த தூசியைத் தட்டினேன். அவள் கூடவே இறங்கி வந்து நின்றுகொண்டு, "டீச்சரம்மா, அதுக்கும் வயசாகுதுல்ல. நாலு நாள் லீவு கொடுத்துப் பாருங்க" என்றாள். வயசானதுக்கெல்லாம் லீவு கொடுப்பதென்றால் இந்த வீட்டில் யார் வேலை செய்வது என்றேன். தூசி போயும் நின்றது. பிறகுதான் எனக்கு என் புத்தி திரும்பியது. அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அப்போதுதான் எதனால் எது நடந்தது என்று தெரியும். செடி வாடினால் தண்ணீரையும் வெயிலையும் மண்ணையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் கடைசியில் ஒன்றும் தெரியாது. அதனால் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வீடியோ இல்லாமல், யாரும் எதிரில் இல்லாமல், அதே பதினோரு மணிக்கு அந்தப் படங்களை மட்டும் திறந்தேன். மூன்றாவது படத்தில் நின்றது. சரி, இணைப்பு இல்லை, கேமரா இல்லை, அந்தப் பெண் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதே படங்களைத் திறந்தேன். திணறியது, ஆனால் நிற்கவில்லை. அப்படியானால் பதினோரு மணியில் என்னவோ இருக்கிறது.

மறுநாள் அதே நேரம் மறுபடி நிற்கவைத்தேன். இந்த முறை பொத்தானைத் தொடவில்லை. அதுவரை நின்ற உடனே பதறிப்போய் அணைத்துவிடுவேன், அதனால் அது என்ன சொல்ல வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காபி ஆறிப்போனது. மேலே தையல் மெஷின் ஓடி நின்று ஓடியது. நெடுநேரம் கழித்து அம்பு ஒரு துள்ளு துள்ளியது, உடனே திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு சின்னப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பின. ஒன்று நீலம், ஒன்று பச்சை. சந்தேகப்படும்படியான ஒன்று உங்கள் கோப்புகளைத் தொடுகிறது என்று நீலம் எச்சரித்தது. பச்சையும் அதையேதான் சொன்னது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சந்தேகத்துக்குரிய அந்த ஆசாமி யார் என்று படித்தேன். நீலம் பச்சையின் பெயரைச் சொல்லியிருந்தது. பச்சை நீலத்தின் பெயரைச் சொல்லியிருந்தது. ஒரு வகுப்பில் இரண்டு லீடர்களைப் போட்டுவிட்டு, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியே போனால் என்ன நடக்கும். அவன் பெயரை இவன் எழுதுவான், இவன் பெயரை அவன் எழுதுவான், சாக்பீஸுக்குச் சண்டை போடுவார்கள், மற்ற பிள்ளைகள் கணக்குப் போடாமல் வேடிக்கை பார்க்கும். நம் கம்ப்யூட்டரில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

நீலம் நீ போட்ட வைரஸ் தடுப்பு. போன தடவை வந்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா, "காலைல பதினோரு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் மார்க்கெட்டுக்கும் நூலகத்துக்கும் போயிடுவீங்க, அப்ப இது மொத்தப் பெட்டியையும் ஸ்கேன் பண்ணிக்கும், உங்களுக்குத் தொந்தரவே இருக்காது" என்று. உண்மைதான், அப்போது தொந்தரவு இல்லை, அந்த நேரத்தில் நாங்கள் வீட்டிலேயே இருக்கமாட்டோம். பச்சை யார் போட்டது என்று கேட்பாய். உன் தம்பி. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு போட்டு வந்தானே, அப்போது கேமரா வாங்கி மாட்டி, பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த ஒன்றை நான் அமுக்கிவிட்டதைப் பார்த்துப் பயந்துபோய் இதைப் போட்டிருக்கிறான். ஏற்கனவே வேறொன்று இருக்கிறதே, தொடரலாமா என்று அது கேட்டிருக்கிறது. இவன் தொடர் என்று அமுக்கியிருக்கிறான். ரெண்டு இருந்தா ரெட்டைப் பாதுகாப்புதானே என்று நினைப்பு. அதோடு என்னிடம் ஒரு சத்தியமும் வாங்கிக்கொண்டான். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. நான் போட்டது பத்தாதா, நீ என்ன பெரிய இவனான்னு ஆரம்பிச்சிடுவா." சின்ன வயதில் நீ தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்த கதவை அவன் போய் மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டு வருவான், அதற்கு நீ அவன் காதைத் திருகுவாய், அதே கதை. நானும் உங்கள் இருவர் நடுவில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். ஆகவே இது உன்னிடமும் கேட்க முடியாத சந்தேகமாகிவிட்டது. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுக்குப் போன் செய்து இரண்டு பெட்டிகளையும் படித்துக் காட்டினேன். "அப்ப அப்பா பேசாம இருக்கறது என்னாலதானா?" என்றான். நெற்றியில் அறைந்துகொண்ட சத்தம் கேட்டது. டேய், கதவைப் பூட்டினவள் ஒருத்தி, மேலே இன்னொரு பூட்டுப் போட்டவன் ஒருத்தன், திருடனை உள்ளே விட்டவன் யாரும் இல்லை, அழாதே என்றேன். அக்காவுக்கு நீயே எழுதிடும்மா, நான் சொன்னா ஒரு மணி நேரம் கிளாஸ் எடுப்பா, அப்படியே உன்னை மாதிரி என்றான். எழுதிவிட்டேன். அவனைத் திட்டாதே. சேர்ந்து பேசிக்கொண்டு செய்திருக்கலாம் என்பதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் அது தெரிய வேண்டியது எனக்கல்ல, அப்பாவுக்கு. உடனே எடுத்து எறிந்துவிட்டு "சரியாப் போச்சு, வாங்க" என்றால் நம்பமாட்டார், மனம் தேற்றுகிறேன் என்று நினைப்பார். அதனால் எடுக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு முன்னால் கதவைத் தட்டி, பாடம் இல்லைங்க, சின்ன டீச்சர் இல்லை, யாரும் இல்லை, எனக்கு ஒரு பரிசோதனைக்கு ஆள் வேண்டும் என்றேன். வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தார். இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தேன். நீங்க இப்ப வாயைத் திறக்கக் கூடாது, ஒரு சத்தமும் வரக் கூடாது என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார், வகுப்பில் கடைசி பெஞ்சில் மாட்டிக்கொண்ட பையனைப் போல. நான் படங்களைத் திறந்தேன். மூன்றாவது படத்தில் திரை நின்றது. அம்பு நின்றது, கடிகாரம் நின்றது. நான் அவரைப் பார்த்து, நீங்க வாயே திறக்கலையே, பின்ன இது ஏன் நின்னுது என்று கேட்டேன். அவர் கம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். அவரும் காத்திருந்தார். அம்பு துள்ளி, நீலமும் பச்சையும் எழும்பியதும் விரலை வைத்து இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். நீலம் பாப்பா போட்டது, பச்சை தம்பி போட்டது, ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று சொன்னேன். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார் கண்ணு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார், கம்பி இன்னும் கையில் இருக்கிறது.

இரண்டில் எதை எடுப்பது என்று நான் யோசித்தேன். உன்னுடையதை எடுத்தால் உனக்கு வருத்தம், அவனுடையதை எடுத்தால் அவனுக்கு வருத்தம், இரண்டும் நல்ல சரக்குதான் என்று உன் தம்பி வேறு சொல்லியிருந்தான். அப்பாவிடமே கேட்டேன். கடையில் இரண்டு துணியைக் கையில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தவிக்கிற வாடிக்கையாளரிடம் அவர் ஒன்று சொல்வாராம், ரெண்டும் நல்லதுதான் சார், ஆனா உடம்பு ஒண்ணுதானே என்று. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் அவர் சொன்னது இரண்டே வார்த்தை. "உடம்பு... ஒண்ணு." புரியாமல் விழித்தேன், கையை நீட்டித் துணியை விரித்துக் காட்டுகிற பாவனை செய்து புரியவைத்தார். பிறகு விரலைப் பச்சைமேல் வைத்தார். பின்னால் வந்தது முன்னால் போகட்டும் என்பது அவர் கணக்கு. புரோகிராம்கள் இருக்கும் இடத்துக்குப் போய் அதை நீக்கு என்று அமுக்கினேன். அது லேசில் போகவில்லை. நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா என்றது, எங்களிடம் என்ன குறை கண்டீர்கள் என்றது, இன்னும் ஒரு மாதம் இருந்து பார்க்கிறோமே என்று கெஞ்சியது. அப்பா ஒவ்வொன்றையும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல... சேல்ஸ்மேன்" என்றார். எத்தனையோ நாள் கழித்துத் தானாக வந்த வார்த்தை, அதுவும் கிண்டலாக வந்தது. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து அவசரமாக நீக்கு நீக்கு என்று அமுக்கினேன். அணைத்துவிட்டுப் போட்டோம். உன் நீலத்தின் ஸ்கேன் நேரத்தை நாங்கள் இருவரும் கண்ணயரும் மத்தியான வேளைக்கு மாற்றினேன், தேடிப்பிடிக்க நேரமானது, ஆனால் நானே பிடித்தேன். மறுபடி எல்லாப் படங்களையும் திறந்து பார்த்தோம். ஏணி, வாளி, சைக்கிள், கடைசிவரை போனது.

சின்ன டீச்சர் சொன்ன அந்த வாரத்தின் கடைசிப் பாடத்துக்கு அப்பா நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார், சைகையால்தான். படங்கள் முடிந்தன, எல்லாம் வரவில்லை, பாதிக்கு மேல் வந்தது. அப்புறம் அவள் படத்தை மூடச் சொல்லிவிட்டு, "சார், இன்னைக்குப் படம் வேணாம். உங்க வீட்டு ஆளுங்க யாரைப் பத்தியாவது ஒரு வாக்கியம் சொல்லுங்க, முழுசா" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். என் பொண்ணு என்று வந்தது. அதற்கு மேல் நின்றுவிட்டது. அவர் தேடுகிறார், கழுத்து நரம்பு தெரிகிறது. எதிரில் அந்தப் பெண்ணின் முகமும் அசையவில்லை. போச்சு, மறுபடி நின்றுவிட்டது என்று நினைத்து மவுஸை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு, "கண்ணு... சிமிட்டுது" என்றார். ஆமாம், அவள் கண் சிமிட்டியது. முகம் நின்றுபோகவில்லை, காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்கு அவசரம் போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மூச்சு விட்டு, நிதானமாக, "என் பொண்ணு... தூரத்துல... இருக்கா" என்றார். அந்தப் பெண் அதற்குக் கைதட்டவில்லை, மனுஷரோடு பேசுவதுபோலவே அடுத்த கேள்வி கேட்டாள், அவங்ககிட்ட பேசறீங்களா சார் என்று. அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார், பிறகு தலையாட்டல் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "அழுவா" என்றார். இதுதான் கண்ணு விஷயம். உன்னிடம் பேசப் பிடிக்காமல் இல்லை. தன் வாய் குழறுவதைக் கேட்டு அவ்வளவு தூரத்தில் நீ தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று இத்தனை நாள் போனைத் தொடாமல் இருந்திருக்கிறார். எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவின் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அடுத்த மாதம் முழுக்கப் பெயர் போட்டுவிட்டாள்.

பாடம் முடிந்து கம்ப்யூட்டரை அணைத்த பிறகு அவராக வந்து, என் போனை எடுத்து என் கையில் வைத்து, ஞாயிறு என்றார். அதனால்தான் அவசரமாக இதை எழுதி, வேகத் தபாலில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரம்மா சொல்லியிருக்கிறாள்.

மற்றபடி என் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறேன், சமையலறைக் குழாய் ஒழுகல் நின்றுவிட்டது. குட்டியின் பல் விழுந்ததை மாப்பிள்ளை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், அப்பா அதைப் பார்த்துத் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேலையில் உனக்குப் புதிதாகக் கொடுத்திருக்கும் பொறுப்பை நினைத்துப் பயப்படாதே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுச் செய், ஒரு நேரத்தில் ஒன்று. தம்பிக்கு நீயே முதலில் போன் செய், அவன் உன் குரலுக்காகக் காதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உண்டு.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை என் எண்ணிலிருந்து போன் வந்தால் பேசப்போவது நான் இல்லை. பாப்பா என்று தொடங்குவார், அது நன்றாக வருகிறது. அதற்குப் பிறகு நின்றுவிடுவார். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தாதே, வைத்துவிட்டு மறுபடி கூப்பிடாதே, என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்தாலும் எடுத்துக் கொடுக்காதே. அழுகை வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள், ஆனால் விட்டுப் போய்விடாதே. போனில் உன் கண் சிமிட்டுவது அவருக்குத் தெரியாது. அவ்வப்போது "ம்" என்று மட்டும் சொல், நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வார். மீதியை அவரே சொல்லுவார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா